நமுனுகுல அடிவாரத்தில் பார்க்க வேண்டியவை

சான் பிரான்சிஸ்கோவில் வாழும் என் பால்ய நண்பனிடமிருந்து சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. வருகின்ற ஓகஸ்ட் மாதம் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு இலங்கைக்கு வருகிறானாம். ஊவாவில் நான்கு நாட்கள் தங்கப்போகிறார்கள். பிள்ளைகள் இணையத்தில் தேடித் தயாரித்த பட்டியலையும் இணைத்திருந்தான். ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரைச் சுற்றுப்பாதை, லிப்டன் இருக்கை, அடிஷாம் மாளிகை, துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, தியலும நீர்வீழ்ச்சி. "இவற்றில் எதை விடலாம், எதைச் சேர்க்கலாம் என்று நீதான் சொல்ல வேண்டும். நீ பத்திரிகைக்காரன் அல்லவா?" என்று முடித்திருந்தான்.

பட்டியலில் பிழை எதுவும் இல்லை. பதுளை மாவட்டத்திற்கு வரும் வெளிநாட்டவர் எவரும் பார்ப்பவைதான் அவை. ஆனால் எழுதியவன் வெளிநாட்டவன் அல்லன். நமுனுகுல அடிவாரத்துத் தோட்டமொன்றில், எங்கள் லயத்திற்கு அடுத்த லயத்தில் பிறந்தவன். 1979 ஆம் ஆண்டு, எங்கள் இருவருக்கும் பத்து வயதாக இருந்தபோது, அவனுடைய குடும்பம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. அதன் பின்னர் அவன் இந்த மலையைப் பார்க்கவில்லை. பிறந்த ஊரைச் சுற்றுலாப் பட்டியலில் தேடும் நிலை அவனுக்கு எப்படி வந்தது என்பதே ஒரு வரலாறு. ஆகவே அவனுக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன். புலம்பெயர்ந்து வாழும் தமிழர் பலர் இப்போது இந்தப் பக்கம் வருகிறார்கள். அவர்களுக்கும் பயன்படக்கூடும்.

மலையும் பெயரும்

முதலில் மலை. நமுனுகுல என்ற சிங்களப் பெயருக்கு ஒன்பது சிகரங்கள் என்று பொருள் கூறுவர். உயரம் இரண்டாயிரம் மீற்றருக்குச் சற்று மேல். இலங்கையின் மிக உயர்ந்த மலை இதுவல்ல. ஆயினும் கிழக்கே தாழ்நிலம் நோக்கித் தனித்து நிற்பதால் வெகு தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியும். பதினைந்தாம் நூற்றாண்டில் செங் ஹேயின் கப்பல்களில் வந்த சீன மாலுமிகள் இலங்கையை நெருங்கும்போது அடையாளமாகக் கொண்ட 'கிளிமூக்கு மலை' இதுவே என்று அந்தப் பயணக் குறிப்புகளை ஆராய்ந்தோர் கருதுகின்றனர். கடலில் வந்தவர்களுக்குக் கரை காட்டிய மலை, கடல் கடந்து வந்த எங்கள் முன்னோருக்கு வீடாயிற்று.

அந்த வீடு வெற்றிடத்தில் எழும்பியதன்று. 1817-18 ஆம் ஆண்டுகளில் ஊவா மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். தலைமை தாங்கிய கெப்பெட்டிப்பொல திசாவை 1818 நவம்பர் 26 அன்று கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஊர்கள் எரிக்கப்பட்டன, வயல்கள் பாழாக்கப்பட்டன. பின்னர் 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் சேனைகளையும் அரசுடைமையாக்கியது. அவை கோப்பித் தோட்டங்களாயின. 1869 இல் கோப்பி இலைகளில் நோய் தோன்றி அந்தப் பயிர் அழிந்தபோது தேயிலை வந்தது. சிங்களக் குடியானவன் இழந்த நிலத்தில் தமிழ்த் தொழிலாளி கூலியாக நிறுத்தப்பட்டான். இருவரும் ஒருவரையொருவர் சந்தேகத்துடன் பார்க்கும்படி வரலாறு அமைந்தது. பச்சைப்பசேலென்ற சரிவுகளைப் படமெடுப்பவர்கள் இந்த அடுக்குகளையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

புகையிரதப் பாதை

ஊவாவுக்குப் புகையிரதத்தில் வருவதே சிறப்பு. கொழும்பிலிருந்து பதுளை வரை சுமார் 290 கிலோ மீற்றர். பட்டிப்பொலவுக்கு அப்பால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில், பாதை ஒரு சுரங்கத்தினுள் நுழைகிறது. இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. இங்கே மழையும் மூடுபனியும் இருக்கும்போது அங்கே வெயில் அடிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வழியில் தியத்தலாவை வரும். பூவர் யுத்தத்தின்போது தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட போர்க்கைதிகள் 1900 முதல் சிறை வைக்கப்பட்டிருந்த இடம் அது.

ஒரு முன்னெச்சரிக்கை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா சூறாவளி மலையகத்தை உலுக்கிவிட்டது. மண்சரிவுகளில் பதுளை மாவட்டமும் பெருந்துயரம் கண்டது. புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. எந்தப் பகுதியில் சேவை நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டே புறப்பட வேண்டும்.

இந்தப் பாதை ஒரே மூச்சில் போடப்பட்டதல்ல. நானுஓயாவுக்கு 1885 இலும் பண்டாரவளைக்கு 1894 இலும் வந்த தண்டவாளம், பதுளையை அடைந்தது 1924 இல்தான். இறுதித் துண்டுக்கு மட்டும் முப்பது ஆண்டுகள் சென்றன. எல்லவுக்கும் பதுளைக்கும் இடையே நிலம் அத்தனை செங்குத்தாக இறங்குகிறது. அந்தத் துண்டில்தான் பிள்ளைகளின் பட்டியலில் உள்ள முதல் இரண்டு இடங்களும் இருக்கின்றன.

ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில், கொட்டுவல என்னும் இடத்தில் உள்ளது. சுமார் 90 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டுமே, இரும்பு இல்லை. முதலாம் உலகப் போரினால் இரும்பு கிடைக்காமற்போகவே, அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் கல்லைக்கொண்டே கட்டி முடித்தார் என்று ஒரு கதை அந்தப் பகுதியில் வழங்குகிறது. அதிகாலையில் சென்றால் கூட்டம் குறைவாக இருக்கும். தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பதைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டும்.

தெமோதரை எனக்கு அதைவிடப் பிடித்த இடம். மேலிருந்து வரும் புகையிரதம் நிலையத்தில் நின்று, புறப்பட்டு, மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தின் வழியாகக் கீழே வெளியேறுகிறது. செங்குத்தான சரிவில் நேரே இறங்க முடியாததால் கண்டுபிடித்த உபாயம் இது. இதைப் பற்றியும் ஒரு கதை உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, வழி தெரியாமல் யோசித்துக்கொண்டிருந்தபோது தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைக் கண்டாராம். துணி தன் மேலேயே சுற்றி வருவதுபோல் பாதையும் தன் மேலேயே சுற்றி வந்தால் என்ன என்று தோன்றியதாம்.

இது உண்மையா என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆவணச் சான்று எதையும் நான் கண்டதில்லை. ஆனால் சுற்றுலா வழிகாட்டிகள் இந்தக் கதையை ஒவ்வொரு நாளும் சொல்கிறார்கள். சொல்லும்போது பொறியியலாளருக்குப் பெயர் இருக்கிறது. கங்காணிக்குத் தலைப்பாகை மட்டும் இருக்கிறது. மலையகத் தமிழரின் வரலாறு இந்த நாட்டில் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான கதை எனக்குக் கிடைக்கவில்லை.

கங்காணியை வீரனாக்கவும் நான் முனையவில்லை. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவரும் அவரே, கடன் கணக்கில் அவர்களைக் கட்டி வைத்தவரும் அவரே. கடனைக் குறித்த 'துண்டு' என்ற சீட்டோடு தொழிலாளி தோட்டத்திற்குத் தோட்டம் கைமாறினான். 1921 இல்தான் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணிக்கே பெயர் இல்லை என்றால், அவருக்குக் கீழே கல் உடைத்தவர்களுக்கும் மண் சுமந்தவர்களுக்கும் யார் பெயர் வைத்திருக்கப்போகிறார்கள்?

நண்பனின் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியாக இராது. அவர்கள் வளரும் கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைகளைக் குடைந்து பாதை போட்டவர்களிற் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். 1869 மே 10 அன்று யூட்டாவின் ப்ரொமன்ட்ரியில் இரு பாதைகளும் இணைந்தபோது எடுக்கப்பட்ட புகழ்பெற்ற படத்தில் அவர்களைக் காண முடிவதில்லை. 1882 இல் சீனர் குடியேறுவதையே தடுத்துச் சட்டம் இயற்றினார்கள். அமெரிக்கத் தொழிற்றுறைத் திணைக்களம் தனது பெருமைக்குரியோர் மண்டபத்தில் அந்தத் தொழிலாளரைச் சேர்த்தது 2014 இல். நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் பிந்தியாவது சேர்த்தார்கள். சான் பிரான்சிஸ்கோ செல்வோர் சீனர் நகரைப் பார்க்கிறார்கள். குடியேற வந்த சீனர் அடைத்து வைக்கப்பட்ட ஏஞ்சல் தீவின் சுவர்களில் அவர்கள் செதுக்கிய கவிதைகளையும் பார்க்கிறார்கள். அதுவும் சுற்றுலாதான். அந்த வகைச் சுற்றுலா நமக்கும் வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

பதுளை நகரம்

பதுளையில் முதியங்கனை விகாரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பௌத்தர் போற்றும் பதினாறு திருத்தலங்களில் அது ஒன்று. நகருக்கு அருகில், பதுளு ஓயா 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்த இருக்கிறது. ஹாலிஎலப் பக்கம், கூரையுடன் கூடிய பழைய மரப்பாலமான போகொடையும் உண்டு.

நகரின் நடுவே புனித மாற்கு ஆலயம் இருக்கிறது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது. பதுளையை ஆண்ட இவர், ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பெயர் பெற்றவர். 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையையும் பின்னர் இடி தாக்கியது. யானைகளைக் கொன்ற பாவம் என்று மக்கள் சொல்கிறார்கள். அவர் வீதிகள் அமைத்தார் என்பதும் உண்மை. யானைகளைக் கொன்றவருக்குக் கோயிலும் கல்லறையும் இருக்கின்றன. அந்த வீதிகளில் வெயிலிலும் மழையிலும் உழைத்து மாண்டவர்களுக்கு ஒரு நடுகல்லும் இல்லை.

எந்த வழிகாட்டி நூலும் குறிப்பிடாத ஓர் இடத்தையும் இங்கே சேர்க்கிறேன். பதுளைப் பகுதியில் வேவெஸ்ஸ என்ற தோட்டம் உள்ளது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் சூட்டுக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். அதன் பின் எழுந்த வேலைநிறுத்த அலை ஊவாவை எட்டியது. வேவெஸ்ஸத் தொழிலாளர், சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கத் தலைமையில், தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். தோட்டத்துரை அந்தச் சபையைக் கலந்தே நடக்க இணங்க வேண்டியதாயிற்று. ஒழுங்கை நிலைநாட்ட ஆயுதத்துடன் சென்ற பொலிஸ் குழுவின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். பின்னர் பெரும் பொலிஸ் படை கொண்டு எல்லாம் அடக்கப்பட்டது. அப்போது பெய்த பெருமழையின் வெள்ளம் ஊவாவை ஒரு வாரத்திற்கு மேல் வெளியுலகிலிருந்து துண்டித்ததும் அடக்கியவர்களுக்கு வசதியாயிற்று. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது மட்டும் தலை நிமிர்ந்தவர்கள், சில நாட்களாவது துரையோடு சரிசமமாக இருந்து பேசிய இடம் அது. எனக்கு அது ஒன்பது வளைவுகளுக்கும் குறைந்த அதிசயமன்று.

அப்புத்தளைப் பக்கம்

லிப்டன் இருக்கைக்கு விடியற்காலையில் செல்ல வேண்டும். எட்டு, ஒன்பது மணிக்கு மேல் மூடுபனி காட்சியை மறைத்துவிடும். கோப்பி வீழ்ச்சியால் காணி மலிந்திருந்த 1890 இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன், தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரைத் தவிர்த்துத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கோப்பைக்கு என்ற முறையில் உலகப் பெயர் பெற்றார். அவர் அமர்ந்து தம் நிலத்தைப் பார்த்த இடம் இது என்கிறார்கள். அடிஷாம் மாளிகை 1931 இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டியது. இன்று பெனடிக்ற் சபைத் துறவியரின் மடம். கற்சுவர்களும் பூந்தோட்டமும் அழகானவை. மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிக்கிடக்கும் ஒரு லயத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே தேயிலையின் வருமானத்தில் எழுந்தவை.

தியலும செல்பவர்கள் பெரகலைச் சந்தியிலிருந்து கொஸ்லந்தை வழியாகவே செல்வார்கள். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அந்த அருவிக்கு முன்னதாக, கொஸ்லந்தை அருகே மீரியபெத்தை என்ற தோட்டப் பிரிவு இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே மலை சரிந்தது. லயங்களும் கோயிலும் உள்ளே இருந்தவர்களும் மண்ணில் புதைந்தனர். பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அதிகாரிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை இருந்தது, போக இடம் இருக்கவில்லை. சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாதவன் எங்கே போவான்? அருவிக்குச் செல்லும் வாகனத்தை அங்கே ஐந்து நிமிடம் நிறுத்தும்படி நண்பனிடம் சொல்லியிருக்கிறேன்.

பதுளை நிலையம்

கடைசியாக, பட்டியலில் இல்லாத இன்னோர் இடம். பதுளைப் புகையிரத நிலையம். பாதை முடிகிற இடம். எங்களுக்கு அது பலருடைய வாழ்க்கை முறிந்த இடமும் ஆகும்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. பதுளையும் அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. வாக்குரிமையும் தொடர்ந்து பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. எந்தப் பக்கத்துப் பேச்சுமேசையிலும் அந்த மக்களுக்கு நாற்காலி இருக்கவில்லை.

அந்தக் கணக்கில் நண்பனின் குடும்பம் ஒரு பக்கமும் எங்கள் குடும்பம் மறுபக்கமும் விழுந்தன. இந்தியா செல்வோரை ஏற்றிச்சென்ற வண்டியைத் தோட்டங்களில் 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தார்கள். பதுளையில் ஏறி, தலைமன்னார் சென்று, அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம். 1979 இல் அவர்களை வழியனுப்ப எங்கள் லயமே நிலையத்துக்கு வந்தது. அவனுடைய அப்பாயி, தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்ணைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். கோச்சி நகர்ந்தபோது பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். சாவு வீட்டில் மட்டுமே அதுவரை நான் ஒப்பாரி கேட்டிருந்தேன். யார் செத்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை.

அவர்கள் கோத்தகிரிப் பக்கம் சென்று சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் பெற்றோருக்கு வேலை கிடைத்தது. அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள். இங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே எஞ்சியவர்களின் குடியுரிமைப் பிரச்சினை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது. 2023 இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவடைந்ததை முன்னிட்டு, முன்னோர் நடந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். அது ஒரு நல்ல தொடக்கம்.

நண்பனுக்கு நான் எழுதிய யோசனை இதுதான். பட்டியலில் எதையும் விட வேண்டாம். ஆனால் நான்காம் நாளை வெறுமையாக வைத்துக்கொள். எல்லவிலிருந்து பசறை செல்லும் வீதியில் நமுனுகுலவுக்கு வா. ஓகஸ்டில் கச்சான் காற்று வீசும். வரண்ட அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் அறிந்த வாசனை ஏறுகிறது. நம்முடைய லயத்தில் இப்போது வேறு குடும்பங்கள் இருக்கின்றன. தேநீர் தராமல் விடமாட்டார்கள். மாரியம்மன் கோயில் இருக்கிறது. நாம் மாசி மாதத்தில் விடிய விடியக் காமன் கூத்துப் பார்த்த திடல் இருக்கிறது. எண்பது வயதைத் தாண்டிய இருவர் உன் தாத்தாவின் பெயரையும், எந்த மலையில் அவர் கவ்வாத்து வெட்டினார் என்பதையும் இன்னும் சொல்வார்கள். பிள்ளைகள் அதைத் தங்கள் கைபேசியில் பதிவு செய்துகொள்ளட்டும். இன்னும் சில ஆண்டுகளில் கேட்க ஆள் இருந்தாலும் சொல்ல ஆள் இராது.

இரண்டு நாட்கள் கழித்து அவனிடமிருந்து ஒரு வரிப் பதில் வந்தது. "அப்பாயி முடிந்துகொண்டு போன மண் இன்னும் எங்கள் வீட்டுச் சாமி அறையில் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்."